இமவான் வீட்டுக் கலியாணம்

“பெரியப்பா, பனிக்குள்ள வைச்சுத் தாலி கட்டினா தெய்வக் குற்றம் வருமோ?” என்று என் தம்பியின் மகள் கேட்டாள். பேர்ண் நகரில் பிறந்து வளர்ந்த பிள்ளை அவள். மாப்பிள்ளை சூரிச்சில் வளர்ந்தவர். அவருடைய அப்பம்மா இன்றும் கரவெட்டியில் இருக்கிறார். தை மாதக் கடைசியில், எங்கெல்பேர்க் என்ற மலையூரில், பனிச்சறுக்குக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியொன்றில் கலியாணத்தை வைப்பது என்று பிள்ளைகள் இருவரும் தீர்மானித்திருக்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட உறவுக்காரப் பெரியவர் ஒருவர், கோயில் இல்லாத இடம், வாழை நடமுடியாத மண், எங்கு பார்த்தாலும் வெள்ளை, இப்படியான இடத்தில் மங்கல காரியம் ஆகாது என்று சொல்லிவிட்டார். பிள்ளைக்கு அன்றிலிருந்து சரியான நித்திரை இல்லை.

நான் பருத்தித்துறையில் சைவசமயமும் தமிழும் படிப்பித்து ஓய்வுபெற்றவன். வருடாவருடம் எங்கள் பிள்ளையார் கோயிலில் கந்தபுராணம் படிக்கும்போது பயன் சொல்கிறவன். அதனால்தான் என்னிடம் கேட்டாள். குற்றம் வராது என்று உடனேயே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தப் பெரியவரின் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு சடங்கை ஊரிலிருந்து பெயர்த்தெடுத்து வேறோர் இடத்தில் வைக்கும்போது எது கூடவே வருகிறது, எது வராமல் நின்றுவிடுகிறது என்பது கேட்கவேண்டிய கேள்விதான்.

முதலில் கந்தபுராணத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தாரின் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை சொன்னார். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய நூல், காஞ்சியைவிட எங்கள் குடாநாட்டில்தான் வீட்டுப் பிள்ளைபோல வளர்ந்தது. ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, கோயில் மண்டபத்தில் பாயில் இருந்து கேட்டவர்கள் எங்கள் அம்மாமார். அந்த நூலின் உற்பத்தி காண்டத்தில் ஒரு கலியாணம் நடக்கிறது. பெண், பனிமலையரசன் இமவானின் மகள் பார்ப்பதி. பெண் கேட்டுப் போகிறவர்கள் சப்தரிஷிகள். அதற்கு ‘மணம்பேசு படலம்’ என்று தனிப் படலம். இமவானின் மனைவி மேனை தாய்மனசோடு தயங்குகிறாள். தக்கன் என்ற மாமனாரின் தலையை அறுப்பித்த மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமோ என்பது அவள் பயம். கரவெட்டியிலும் புலோலியிலும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்காத தாய் உண்டா? ரிஷிகள் ஆறுதல் சொல்லி அவளைச் சம்மதிக்க வைக்கிறார்கள்.

அதற்கடுத்து வருவதுதான் நான் பிள்ளைக்குச் சொன்ன முதல் விஷயம். ‘வரைபுனை படலம்’. கலியாணத்துக்காக மலையை அலங்கரிப்பதற்கென்றே ஒரு படலம்! இமவான் தேவதச்சனை அழைத்துத் தன் நகரத்தையும் மணமண்டபத்தையும் ஒப்பனை செய்விக்கிறான். பிறகு கணங்கள் வருகிறார்கள், தேவர்கள் வருகிறார்கள், திருக்கல்யாணம் நடக்கிறது. இன்றைக்கு விடுதிக்காரரோடும் பூக்காரரோடும் சாப்பாட்டுக்காரரோடும் பிள்ளைகள் மாதக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிற ஒழுங்குகளைப் புராணம் அற்பமாக நினைக்கவில்லை. ஒரு படலம் முழுக்க அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பனி மூடிய மலை மங்கலத்துக்கு ஆகாது என்றால், சைவர்களாகிய நாங்கள் ஒவ்வொரு வருடமும் கேட்டு, அன்றைக்கு விசேட பூசை வைத்து, சர்க்கரைப் பொங்கலும் வடையும் கொடுத்துக் கொண்டாடுகிற கலியாணமே ஆகாததாகிவிடும். எங்கள் குடாநாடு ஒரு குன்றுகூட இல்லாத தட்டை நிலம். பருத்தித்துறைப் பிள்ளைகள் ஏறி விளையாடுகிற உயரம் வல்லிபுரக் கோயிலடியிலும் மணற்காட்டிலும் உள்ள மணல் மேடுகள்தான். அப்படியிருந்தும் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாத கிழவிமார்கூட இமயத்தின் பனியை மனக்கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

அது இமயமலை, தேவர் வாழும் மலை, இது வெள்ளைக்காரன் சறுக்கி விளையாடுகிற மலை என்று அந்தப் பெரியவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. இதற்குப் புராணத்தைவிட்டுச் சித்தாந்தத்துக்குத்தான் போகவேண்டும். இறைவன் எங்கும் நிறைந்தவன் என்பதைச் சைவரில் யாரும் மறுப்பதில்லை. எங்கும் இருப்பவனை ஏன் ஓரிடத்தில் தேடவேண்டும் என்பதுதான் கேள்வி. மெய்கண்ட தேவரின் சிவஞானபோதம், அதன் கடைசிச் சூத்திரத்தில், ஆலயத்தையும் அடியார் திருவேடத்தையும் அரனாகவே கண்டு தொழச் சொல்கிறது. எங்கும் மறைந்து நிற்பவன், அன்பு திரண்ட இடத்தில் விளங்கி நிற்பான் என்பது அதன் கருத்து. இதில் கவனிக்கவேண்டியது, ஆலயம் மட்டும் சொல்லப்படவில்லை என்பது. அடியார் கூடி நிற்பதும் அவன் விளங்கும் இடமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

எங்கள் கலியாணச் சடங்கும் இதை ஒட்டியே அமைந்திருக்கிறது. குருக்கள் வந்து கும்பத்தில் ஆவாகனம் செய்கிறார். அக்கினியை வளர்த்துச் சாட்சியாக அழைக்கிறார். நாங்கள் தெய்வம் இருக்கிற இடத்துக்குப் போய்ச் செய்கிற சடங்கல்ல இது. இருக்கிற இடத்துக்குத் தெய்வத்தை அழைத்துச் செய்கிற சடங்கு. சங்கல்பத்தில் காலத்தோடு இடத்தையும் குருக்கள் சொல்வது அதனால்தான். இன்ன ஊரில், இன்ன நேரத்தில், இன்னாருடைய மகளை இன்னாருடைய மகனுக்கு என்று சொல்லியாகவேண்டும். எந்த ஊரையும் சொல்வதற்கு அங்கே இடம் விடப்பட்டிருக்கிறது. ஆனால் ஊரே சொல்லாமல் விடுவதற்கு இடமில்லை. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அந்த நாடும் எங்களவர்களுக்கு இப்போது தெய்வமில்லாத நாடல்ல. திரிம்பாக்கில் மனோன்மணி அம்பாளுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். பேர்ணில் 2014 மார்கழியில் திறந்த சமயங்களின் இல்லத்தில் ஒரே கூரையின்கீழ் பள்ளிவாசலும் கிறிஸ்தவ தேவாலயமும் புத்த விகாரையும் இருக்க, அவற்றோடு சைவநெறிக்கூடத்தின் சிவன் கோயிலும் இருக்கிறது. அங்கே தமிழில் பூசை, பெண்களும் பூசை செய்கிறார்கள். பிள்ளை தேவாரம் பாடப் பழகியது அங்கேதான். ஐன்சீடெல்ன் மடாலயத்தில் இருக்கிற கறுத்த மாதாவைக் கும்பிட எங்கள் சைவச் சனமும் போகிறது. என் தம்பி மனைவி நேர்த்தி வைத்துப் போய்வந்தவர். எங்கெல்பேர்க்கிலேயே 1120ஆம் ஆண்டில் எழுந்த ஒரு பெனடிக்ற் சபை மடம் இன்றும் இயங்குகிறது. ஒன்பது நூற்றாண்டாக மணியடித்து வழிபாடு நடக்கிற பள்ளத்தாக்கு அது. அதைச் சறுக்கி விளையாடுகிற இடம் என்று மட்டும் சொல்வது சரியல்ல.

இடம் மாறிக் கலியாணம் செய்வது எங்கள் தலைமுறைக்குப் புதிதுமல்ல. என் கலியாணம் 1991 ஆவணியில் புலோலியில் நடந்தது. 1990இல் சண்டை தொடங்கியதிலிருந்து மின்சாரம் இல்லை. விமானம் வரும் என்ற பயத்தில் விடியப்புறமே முகூர்த்தம். குருக்கள் ஐயா சைக்கிளில் வந்தார். மணவறைக்குப் பக்கத்தில் வரிசையாக ஜாம்போத்தல் விளக்குகள். மேளம் மெதுவாக வாசிக்கச் சொல்லி அப்பா கேட்டுக்கொண்டார். வந்த சனம் குறைவு. ஆனால் வந்தவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். அந்தச் சபையைவிட நிறைந்த சபையை நான் பிறகு எந்தப் பெரிய மண்டபத்திலும் காணவில்லை.

தம்பி 1989இல் சுவிசுக்குப் போனவன். அகதி அந்தஸ்துக் கேட்டிருந்தவனால் ஊருக்குத் திரும்ப முடியாது. அந்தக் காலத்தில் எங்கள் பெடியள் பலரும் செய்ததைப்போல, இந்தியாவுக்கு வந்து திருச்சியில் கலியாணம் செய்தான். பெண்ணும் பெண்ணின் தாயும் கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானம் ஏறினார்கள். எங்கள் அம்மாவால் போகமுடியவில்லை. முகூர்த்த நேரம் எழுதிய கடிதம் மட்டும் முன்கூட்டி வந்து சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில் அம்மா குளித்து, வீட்டுச் சாமியறையில் குத்துவிளக்கேற்றி, நிறைகுடம் வைத்து, கையில் அறுகரிசியோடு நின்றார். நேரம் வந்ததும் படத்துக்கு முன்னால் அதைத் தூவினார். கலியாண வீடியோக் கசெற் பல மாதம் கழித்து வந்தது. ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்துப் பார்த்தோம். அந்தக் கலியாணத்தின் பிள்ளைதான் இப்போது என்னிடம் கேட்கிறவள். திருச்சியில் கட்டிய தாலிக்கு என்ன குற்றம் வந்தது?

ஆகவே இடத்தால் குற்றம் இல்லை. ஆனால் இடத்துக்கு நாங்கள் செய்கிற குற்றம் என்று ஒன்று உண்டு.

2019 யூன் மாதம் இந்தியாவில், உத்தராகண்டத்தில் உள்ள ஔலியில் இரண்டு கலியாணங்கள் நடந்தன. ஔலி பேர்பெற்ற பனிச்சறுக்குத் தலம். தென்னாபிரிக்காவில் பெரும் வணிகம் செய்த குப்தா சகோதரர்களின் மகன்மாருக்குக் கலியாணம். 200 கோடி இந்திய ரூபாய்ச் செலவு என்று பத்திரிகைகள் எழுதின. பனியில்லாத மாதத்தில் மலைச் சரிவில் கூடாரங்கள் எழுந்தன. விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், சூழலுக்குக் கேடு வந்தால் ஈடு செய்வதற்காக 3 கோடி ரூபாய் கட்டிவைக்கும்படி நீதிமன்றம் சொன்னது. விருந்தினர் போனபிறகு கிடந்த குப்பையை ஜோஷிமட நகராட்சி நாட்கணக்காக அள்ளியது. சங்கரர் மடம் நிறுவிய ஊர் என்று போற்றப்படுகிற ஜோஷிமடம், 2023 தொடக்கத்தில் நிலம் இறங்கி வீடுகள் வெடித்து, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேறவேண்டி வந்த ஊரும்கூட. அதற்குக் காரணம் கலியாணம் என்று நான் சொல்லவரவில்லை. அந்த மண் எவ்வளவு நொய்ந்தது என்பதைச் சொல்கிறேன். இத்தனைக்கும் அதே உத்தராகண்டத்தில்தான் திரியுகி நாராயண் கோயில் இருக்கிறது. சிவனும் பார்வதியும் மணம் முடித்த இடம் அதுவென்றும், அவர்களுக்குச் சாட்சியான அக்கினி இன்றும் அணையாமல் எரிகிறதென்றும் அந்த ஊர்ச் சனங்கள் நம்புகிறார்கள்.

கந்தபுராணத்தில் கன்னிகாதானம் செய்துகொடுப்பது மலை. இமவான் மலையாகவும் நிற்கிறான், மகளைத் தாரைவார்க்கிற தகப்பனாகவும் நிற்கிறான். பனிமலையில் கலியாணம் செய்கிற எவரும் சம்பந்தி வீட்டு முற்றத்தில் நிற்கிறார்கள். சம்பந்தி முற்றத்தில் குப்பை போட்டுவிட்டு வருகிறவர்களை எங்கள் ஊரில் என்ன சொல்வோம் என்பது எல்லாருக்கும் தெரியும். மலையைப் படத்துக்குப் பின்னால் தொங்கவிடுகிற சீலையாக நினைத்தால் அதுதான் தெய்வக் குற்றம். இதைப் பிள்ளைக்கு நான் கடுமையாகவே சொன்னேன்.

அவள் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. “பெரியப்பா, உங்களுக்கு வல்லிபுரக் கோயில் மணல் எப்பிடியோ எனக்கு அந்த மலை அப்பிடி,” என்றாள். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் குளிர்காலத்தில் ஒரு வாரம் மலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பனிச்சறுக்குப் பழக்குவார்கள். அப்படியான ஒரு முகாமில்தான் அவளும் மாப்பிள்ளையும் முதன்முதல் சந்தித்தார்களாம். விழுந்து எழும்பி, கைவிரல் விறைத்து, அழுது, பழகிய இடம். காசு கொடுத்து ஒருநாள் வாடகைக்கு எடுக்கிற அழகு அல்ல அது, அவர்களுடைய பிள்ளைப்பருவம். அப்படியென்றால் அந்த மலைக்கு அவர்கள்மேல் உரிமை இருக்கிறது. அவர்களுக்கு அதன்மேல் கடமையும் இருக்கிறது. 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கனவளவில் பத்திலொரு பங்கை இழந்துவிட்டன. ரோன் பனியாற்றின் ஒரு பகுதியைக் கோடையில் வெள்ளைத் துணியால் போர்த்துக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இமவான் கண்முன்னே மெலிந்துகொண்டு போகிறான். மகளின் கலியாணத்துக்கு அவனை இன்னும் வருத்தலாமா? 3,020 மீற்றர் உயரத்துக் கம்பிவண்டி நிலையத்தில், டிட்லிஸ் மலையின்மேல், வண்ணக் காகிதத் துண்டுகளைப் பறக்கவிட்டுப் படமெடுக்கிற யோசனை ஒன்று இருந்தது. அதைக் கைவிட்டார்கள். ரயிலில் எங்கெல்பேர்க் வரைக்கும் போகலாம் என்பதால் விருந்தினர் எல்லாரும் ரயிலிலேயே வரவேண்டும் என்று அழைப்பிதழில் எழுதப்போகிறார்கள். நல்ல காரியம்.

சடங்குக்கு வேண்டிய சின்னச் சின்ன ஒழுங்குகளையும் கதைத்தோம். அந்த நாட்டுச் சட்டப்படி பதிவுக்கு முந்திச் சமயச் சடங்கு செய்ய முடியாது. அதனால் எழுத்து கார்த்திகையிலேயே பேர்ணில். விடுதி மண்டபத்துக்குள் ஓமம் வளர்க்க முடியாதாம். பக்கத்திலே கூரை போட்ட விறாந்தை ஒன்று வெளிப்பக்கம் திறந்திருக்கிறது, அங்கே ஓமகுண்டம். நெய் உறைந்துபோகும், சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கூறைச்சேலைக்கு உள்ளே குளிருக்கான உடுப்பு போடலாம், அதில் ஒரு பிழையுமில்லை. அம்மி மிதிக்கும்போது மட்டும் வெறுங்கால். அதற்குக் கீழே கம்பளி விரித்து மணைப்பலகை வைக்கவேண்டும். சாப்பாடு சுத்த சைவம் என்பதில் தம்பி உறுதியாக இருக்கிறான், அதைப்பற்றி நான் பேசத் தேவையிருக்கவில்லை.

முகூர்த்தம்தான் இழுபட்டது. தம்பி ஊர்ப் பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து, எங்கள் நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்தைக் கழித்து நேரம் வைத்திருந்தான். அது சரிவராது. திதியும் நட்சத்திரமும் பூமி முழுவதற்கும் ஒரே கணத்தில்தான் மாறும். அவற்றைக் கழித்துக் கூட்டிப் பார்க்கலாம். லக்கினம் அப்படியல்ல. நிற்கிற ஊரின் கீழ்வானத்தில் எந்த இராசி எழுகிறதோ அதுதான் லக்கினம். பருத்தித்துறையில் மீன லக்கினம் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணித்தியாலம் நிற்கும். எங்கெல்பேர்க்கில் ஒரு மணித்தியாலத்தோடு ஓடிவிடும். கன்னி லக்கினமோ அங்கே இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும். இராகுகாலத்தையும் அந்த ஊரின் சூரிய உதயத்தையும் அத்தமனத்தையும் வைத்தே பிரிக்கவேண்டும்; தை மாதக் கடைசியில் அங்கே பகல் ஏறத்தாழப் பத்து மணித்தியாலம்தான். அங்குள்ள குருக்களே கணித்துத் தரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இடம் எதுவானாலும் ஆகும் என்று சொல்கிற நான், நேரத்துக்கு மட்டும் இடம் பார்ப்பது முரணாகத் தோன்றலாம். முரணில்லை. எந்த ஊரிலும் சடங்கு செய்யலாம், ஆனால் அந்த ஊரின் சூரியனுக்கும் அடிவானத்துக்கும் கட்டுப்பட்டுச் செய்யவேண்டும் என்றுதான் சோதிடம் சொல்கிறது. ஔலிக்குப் போனவர்கள் செய்யத் தவறியதும் இதைத்தான்.

அருந்ததியைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் பகல் முகூர்த்தத்தில் குருக்கள் வானத்தைக் காட்டுவார், பெண்ணும் மாப்பிள்ளையும் நம்பிக்கையோடு பார்ப்பார்கள். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரோடு ஒட்டி நிற்கிற சிறிய வெள்ளி அது. பருத்தித்துறையில் அது உதித்து மறையும். தை மாதக் கடைசியில் இரவு பத்து மணியளவில்தான் வடகிழக்கில் எழும். சுவிசின் அகலக்கோட்டில் அது வருடம் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போவதேயில்லை. பார்ப்பதியைப் பெண் கேட்டுப்போன அந்த ஏழு ரிஷிகளும் பனிமலைக்கு மேலே மறையாமல் சுற்றிவருகிறார்கள். பள்ளத்தாக்கு என்றபடியால் நள்ளிரவு தாண்டினால்தான் மலை மறைக்காமல் நன்றாகத் தெரியும். அன்றிரவு இருவரும் வெளியே வந்து கட்டாயம் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். எங்களுக்குப் பாவனையாக இருந்தது அவர்களுக்குக் காட்சியாகவே கிடைக்கும்.

இவ்வளவும் அவள் கேட்டதற்குப் பதில். அவள் கேட்காதது ஒன்று இருக்கிறது.

விடுதி மண்டபம் அறுபது பேருக்குத்தான் காணும். சுவிசில் எங்களவர் கலியாணம் என்றால் ஐந்நூறு, அறுநூறு பேர் சாதாரணமாக வருவார்கள். ஆட்களின் பட்டியலைக் குறைத்தபோது எத்தனையோ பேர் விடுபட்டுப் போனார்கள். ஊரிலிருந்து ஒருவரும் இல்லை. எனக்கு இழுப்பு வருத்தம், அந்த உயரமும் குளிரும் ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். தும்பளையில் இருக்கிற என் அக்கா, பிள்ளைக்குச் சொந்த மாமி, படுக்கையில். மாப்பிள்ளையின் அப்பம்மாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. அறுபது பேர் குறைவு என்று நான் சொல்லவில்லை. என் கலியாணத்துக்கு அவ்வளவுகூட வரவில்லை. ஆனால் அன்றைக்கு வராதவர்களைத் தடுத்தது விமானம். இன்றைக்கு ஆளைக் கழிக்கிறது ஒரு மண்டபத்தின் அளவு. அடியார் கூட்டத்தையும் இறைவன் விளங்கும் இடமாகச் சொல்கிற சமயத்தில் நின்றுகொண்டு, இதை வெறும் இடவசதிப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியவில்லை.

கந்தபுராணத்துக் கலியாணத்திலும் இந்தப் பிரச்சினை வந்தது. எல்லாரும் வடக்கே போய்க் கூடியதால் வடக்குத் தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. சிவபெருமான் அகத்தியரை அழைத்து, நீ தெற்கே பொதியமலைக்குப் போ என்கிறார். அகத்தியர் கலங்குகிறார். திருக்கல்யாணத்தைக் காணாமல் போக நான் செய்த குற்றம் என்ன என்று அவர் மனம் வேகிறது. பயன் சொல்லும்போது இந்த இடத்தில் எனக்குக் குரல் தழுதழுக்கும். கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மாரில் பாதிப்பேர் பிள்ளைகளின் கலியாணத்தைக் காணாதவர்கள். இறைவன் அகத்தியரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பூமியைச் சமப்படுத்துகிற வேலையைக் கொடுக்கிறார். உன்னைத் தவிர இதைச் செய்ய ஆளில்லை என்கிறார். மணக்கோலத்தை நீ இருக்கிற இடத்திலேயே காண்பாய் என்றும் அருளுகிறார். அப்படிக் கண்ட தலங்கள் என்று தென்னாட்டில் பலவற்றைச் சொல்வார்கள். அவற்றில் ஒன்று வேதாரணியம். அங்கே கருவறையில் இலிங்கத்துக்குப் பின்னால் மணக்கோலத்தில் அம்மையும் அப்பனும். பருத்தித்துறை முனையில் நின்றால் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற கரை அது. போகமுடியாமல் போன ஒருவருக்காகக் கலியாணம் தேடிவந்த தலம், எங்களுக்கு முன்னாலேயே இருக்கிறது.

கலியாணத்தன்று காலை முகூர்த்தம் எங்களுக்குப் பின்னேரமாக இருக்கும். கைபேசியில் எல்லாம் தெரியும் என்று தம்பி ஆறுதல் சொன்னான். காட்சி நல்லதுதான், அம்மாவுக்குக் கிடைக்காதது எங்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் அகத்தியருக்குக் காட்சியோடு வேலையும் கிடைத்தது. அம்மா அன்றைக்கு அறுகரிசி தூவியதும் ஒரு வேலைதான். அவருக்கு யாரும் கொடுக்காத வேலை, தானாகவே எடுத்துச் செய்தார். இந்தமுறை ஊரில் இருக்கிற நாங்கள் தானாக எடுக்கவேண்டி வரக்கூடாது, பிள்ளைகளே கேட்டுத் தரவேண்டும் என்று சொன்னேன். என்ன வேலை என்று மாப்பிள்ளையே கேட்டார். பொன்னுருக்கலை இங்கே கரவெட்டியில், உங்கள் அப்பம்மா வீட்டில் வையுங்கள் என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. தாலிக்கான பொன்னை நல்ல நாளில் மாப்பிள்ளை வீட்டில் பத்தரை அழைத்து உருக்குவது எங்கள் வழக்கம். சுவிசில் நகைக்கடையில் தாலியை வாங்கிவிட்டு, ஒரு காசை மட்டும் ஒப்புக்கு உருக்குவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை இல்லாமல் செய்வது முறையோ என்று தம்பி கேட்டான். பெரிய ஆட்கள் முன்னின்று செய்யலாம், அந்த நேரத்தில் மாப்பிள்ளை அங்கே விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கட்டும் என்றேன். இந்தமுறை பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள் அவர்கள்! மாப்பிள்ளை இரண்டு நாள் யோசித்துவிட்டு, அப்பம்மாவோடு கதைத்துவிட்டு, அப்படியே வைப்போம் என்றார். அப்பம்மா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் பிடித்துவிட்டார்கள். முற்றத்தில் கன்னிக்கால் ஊன்ற முருக்கங்கொப்புக்கும் சொல்லியாகிவிட்டது. மார்கழி கழிந்து தை பிறந்து மூன்றாம் நாள் நேரம் நன்றாக இருக்கிறது. தும்பளையிலிருந்து அக்காவைக் கதிரையோடு தூக்கி வானில் ஏற்றிக்கொண்டு போவோம். பெண் வீட்டார் சார்பில் அவர்தான் முதல் நிறைகுடத்துக்குப் பூ வைப்பார். செய்த தாலியை, லீவில் வந்திருக்கிற மாப்பிள்ளையின் சித்தப்பா கையோடு கொண்டுபோவார்.

இன்னொரு வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது. கன்னிகாதானத்தில் இரு பக்கத்திலும் மூன்று தலைமுறைப் பெயர்களைக் குருக்கள் சொல்லவேண்டும். எங்கள் பக்கம் தம்பியும் என் அப்பாவும் அப்பப்பாவும், எழுதிவிட்டேன். மாப்பிள்ளை பக்கத்தில் அவருக்கு அப்பப்பாவின் பெயர் வரைக்கும்தான் தெரியும். பூட்டனின் பெயர் சுவிசில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்கப் போனவாரம் கரவெட்டிக்குப் போனேன். அப்பம்மா மாமனாரின் பெயரை வாயால் சொல்லமாட்டார், பழைய ஆள். எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து, வீட்டுக் காணியின் உறுதியை எடுத்துவந்து, பெயர் இருக்கிற வரியில் விரலை வைத்தார். நான் அதைப் பார்த்துப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, எழுத்துப் பிழை இல்லையா என்று அவரையே பார்க்கச் சொல்லி, தம்பிக்கு அனுப்பினேன். எங்கெல்பேர்க்கில் வாசிக்கப்போகிற குருக்கள், ஒரு பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறார். இன்றைக்கு இரவு அவரோடு கதைக்கவேண்டும்.